குழாய் மேல் அப்பாவின் டோக்கன் எண்

என் வேலை என்னவென்று அப்பாவுக்குப் புரியவைக்க நாலு வருடம் முயன்றிருக்கிறேன். எனக்குப் பொறுமை கிடையாது. இரண்டாவது கேள்வியிலேயே குரல் ஏறிவிடும், "உடு பா, உனுக்குப் புரியாது" என்று எழுந்து போய்விடுவேன். அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. மறுநாள் நான் ரயிலை விட்டு இறங்கி, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார்.

"இன்னிக்கி இன்னாம்மா செஞ்ச?"

"ஒட்டவச்சேன்."

"இன்னாத்த?"

"எல்லாத்தையும்."

அதற்கு மேல் பேசத் தெம்பிருக்காது. விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய், ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பகல் முழுவதும் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு, சாயங்கால ரயிலில் பாதி தூரம் நின்றுகொண்டே, தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸுக்குத் திரும்புகிறவள் நான். சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் பாதிப் பேர் அப்படித்தான். சுரங்கம் இருந்தவரை ஆண்கள் பூமிக்குள் இறங்கினார்கள், மூடியபிறகு ஆண் பெண் எல்லோரும் ரயில் ஏறினோம். சுரங்கத்தை மூடியபோது எனக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. அப்பா பாறையில் துளை போடுகிறவர். அதற்குப் பிறகு பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் காவலுக்கு நின்றார். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார், பிறகு நடந்தாலே வாங்குகிறது என்றார், அதையும் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மனநிலையில் இருந்தேன் போலிருக்கிறது. கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வடகத்துக்கு வைத்திருந்த வெங்காயத்தை உரித்துக்கொண்டே முறையாகச் சொன்னேன். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மரபணு நூல் ஒன்று சுருட்டிக் கிடக்கிறது. அந்த நூலில் எந்த இடம் வேலை செய்யவேண்டும், எந்த இடம் சும்மா கிடக்கவேண்டும் என்று புரதங்கள் முடிவு செய்கின்றன. ஒரு புரதம் வந்து நூலின் மேல் உட்காரும். இன்னொன்று அதன் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மூன்றாவது வந்து இரண்டையும் கிளப்பிவிடும். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பது. யார் யாரோடு சேர்ந்து எந்த இடத்தில் உட்கார்ந்தார்கள் என்று தெரியவேண்டுமானால், எல்லோரையும் இருந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். அதற்கு பார்மலின் ஊற்றுவேன். ஊற்றினால் தொட்டுக்கொண்டிருப்பவர்கள் தொட்டபடியே ஒட்டிக்கொள்வார்கள்.

அப்பா பேசுவதற்கு முன் மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அதனால் அவர் மௌனத்தை நம்ப முடியாது. பிறகு கேட்டார்:

"ஏர்பிளாஸ்ட் மாதிரியா?"

சுரங்கத்துக்குள் பாறை தானாக வெடித்துச் சரிவதைத்தான் அவர்கள் ஏர்பிளாஸ்ட் என்பார்கள்.

"அப்ப எவன் எங்க நின்னுக்கினு இருந்தானோ அங்கியே இருப்பான். டிரில்ல புடிச்சிக்கினு இருந்தவன் புடிச்சபடி. ஒருத்தன் தோள்மேல ஒருத்தன் கை போட்டுக்கினு இருந்தா, கை போட்டபடி." இங்கே நிறுத்தி மூச்சு வாங்கினார். "அப்பறம் நாங்க போயி ஒருத்தன இழுத்தா, கூட இருந்தவனும் வருவான். நீயும் அப்படித்தான் இழுக்குறியா?"

உரித்த வெங்காயத்தைத் தட்டில் வைத்தேன். நான் அப்படித்தான் இழுத்தேன். ஒட்டவைத்த பிறகு செல்லை உடைத்து, நூலைத் துண்டு துண்டாக்கி, ஒரே ஒரு புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருளைப் போட்டு மீன் பிடிக்கிறமாதிரி இழுப்போம். அந்தப் புரதத்தோடு அது பிடித்திருந்த நூல்துண்டும், அதன் தோளைப் பிடித்திருந்த கூட்டாளியும் சேர்ந்து வரும். பிறகு சூடு காட்டினால் ஒட்டு விட்டுவிடும், யார் யார் என்று கணக்கெடுக்கலாம். ஆய்வகத்தை நடத்தும் எங்கள் மேடம் புதிதாக வரும் மாணவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார்.

"அதே தான் பா" என்றேன்.

"அப்படின்னா எனுக்குப் புரிஞ்சிடுச்சி" என்று சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அம்மாவுக்கு என் வேலையில் தெரிந்தது அதன் நாற்றம் மட்டும்தான். "பொணவாடை அடிக்குதுடி, மொதல்ல குளிச்சிட்டு வா" என்பாள். அதுவும் சரிதான். பிணவறையிலும் இதே பார்மலின்தான்.

அப்பாவிடம் நான் சொல்லாதது ஒன்று இருந்தது. அந்தச் செல்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை. நுரையீரலுக்குள் ரோந்து சுற்றுகிற ஒருவகைச் செல் உண்டு. உள்ளே வரும் தூசியை விழுங்கிச் சுத்தமாக்குவது அதன் பிழைப்பு. வீட்டுத் தூசி, புகை எதையும் சமாளிக்கும். கல்தூசியை மட்டும் அதனால் செரிக்க முடியாது. விழுங்கிவிட்டுச் சாகும், சாகும் முன் கூச்சல் போடும். அந்தக் கூச்சலைக் கேட்டு நுரையீரல் தழும்பாக இறுகிக்கொண்டே போகும். தூசி வருவது நின்று இருபது வருடம் ஆனாலும் இறுகுவது நிற்பதில்லை. கூச்சல் போடச் சொல்லும் மரபணுக்களின் மேல் எந்தெந்தப் புரதங்கள் கூட்டு சேர்ந்து உட்காருகின்றன என்பதுதான் எங்கள் ஆய்வு. குவாரியிலும் சுரங்கத்திலும் வேலை பார்த்தவர்களின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீர் ஆஸ்பத்திரியிலிருந்து எங்களுக்கு வரும். இந்தத் தலைப்புக்குத் தற்செயலாக வந்தேன் என்று நேர்முகத் தேர்வில் சொன்னேன். பொய்.

ஒட்டவைப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பார்மலினுக்குக் கை குட்டை. ஒன்றையொன்று உரசிக்கொண்டிருப்பவர்களைத்தான் அதனால் சேர்த்துப் பிடிக்க முடியும். நூலைத் தொடாமல் கூட்டாளியின் தோளை மட்டும் பிடித்து நிற்கிற புரதம் நழுவிவிடும். ஆகவே முதலில் நீளக் கையுள்ள வேறொரு ரசாயனம், இரண்டு முனையிலும் கொக்கி வைத்தது. அது பொடியாக இருக்கும், தண்ணீர் பட்டால் சீக்கிரம் சக்தி போய்விடும், அதனால் அந்தந்த நேரத்தில்தான் கரைக்கவேண்டும். அது புரதத்தையும் புரதத்தையும் பிணைக்கும். அதற்குப் பிறகு பார்மலின், சரியாகப் பத்து நிமிடம். பத்து தாண்டினால் வேண்டியவர் வேண்டாதவர் எல்லோரும் ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்வார்கள், அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. பத்தாவது நிமிடம் கிளைசின் கரைசலை ஊற்றி, மீதி பார்மலினுக்கு வேறு வேலை கொடுத்துத் திசைதிருப்ப வேண்டும். அந்தப் பத்து நிமிடம் நான் யாரோடும் பேசமாட்டேன். போனை எடுக்கமாட்டேன். என் குணத்துக்கு ஒத்துவந்த வேலை வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

அப்பாவின் எண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த பித்தளை டோக்கன் ஒன்று உண்டு. மேலே ஒரு பலகையில் ஆணி ஆணியாக மாட்டியிருக்கும். இறங்கும்போது எடுத்துக்கொண்டு போவார்கள், ஷிஃப்ட் முடிந்து கேஜ் என்கிற கூண்டு லிஃப்டில் ஏறி வந்ததும் அதே ஆணியில் மாட்டிவிட வேண்டும். ஓர் ஆணி காலியாக இருந்தால் ஒருவர் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். பெயர் கேட்க மாட்டார்கள், எண்ணைத்தான் கேட்பார்கள். அப்பாவுடையது மூவாயிரத்து நூற்று ஏழு. அதை அவர் சாப்பாட்டுக் கேரியரில் ஆணியால் கீறி வைத்திருந்தார். குடையில், கட்டில் காலில், அம்மாவுக்கு வாங்கித் தந்த பிரஷர் குக்கரின் அடியில்கூட. ஏடிஎம் அட்டைக்கும் அதே ரகசிய எண்தான், அந்த ரகசியம் எங்கள் லைனில் எல்லோருக்கும் தெரியும். ரேஷன் கடையில், பேங்கில், எங்கே யார் "நம்பர் என்ன?" என்று கேட்டாலும் வாயில் முதலில் வருவது அதுதான். பிறகு அண்ணன் பக்கத்திலிருந்து, "அது இல்லபா, கார்டு நம்பரு" என்று திருத்துவான். நாங்கள் சிரிப்போம். சுரங்கத்தை மூடிய கடைசி நாளில் டோக்கனைத் திரும்ப வாங்கிக்கொள்ள யாரும் இல்லை, அதனால் கையோடு கொண்டுவந்துவிட்டார். இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

போன வருடம் மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. எடை இறங்கியது. ராபர்ட்சன்பேட்டை டாக்டர், டிபியாக இருக்கலாம், கல்தூசி படிந்த நுரையீரலுக்கு டிபி சீக்கிரம் தொற்றும், பெங்களூரில் மூச்சுக்குழலுக்குள் குழாய் விட்டு நீர் எடுத்துப் பார்த்துவிடுங்கள் என்றார். குறித்துக் கொடுத்த நாள் புதன்கிழமை. புதன்கிழமைதான் எங்கள் ஆய்வகத்துக்கு மாதிரிகள் வரும் நாள். லீவு போட்டிருக்கலாம். மேடம் கொடுத்திருப்பார். அண்ணன் தன் கடையை அடைத்துவிட்டு நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான், நானும் சரி என்றுவிட்டேன். அந்தச் 'சரி'யை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. முந்தின நாள் அப்பா மட்டும் ஏதோ மறைத்துவைத்துக்கொண்ட பிள்ளைபோல, "நாளிக்கி உனுக்கு வேலை ஜாஸ்தியா?" என்று இரண்டு தடவை கேட்டார். நான் எரிந்து விழுந்தேன்.

புதன்கிழமை மதியத்துக்கு முன் ஆய்வகத்துக்கு ஐஸ் பெட்டி வந்தது. மூன்று சோதனைக் குழாய்கள். இரண்டில் ஆஸ்பத்திரி அச்சடித்த ஸ்டிக்கர். மூன்றாவதில் ஸ்டிக்கர் இல்லை, கறுப்பு மார்க்கரில் கையால் நாலே நாலு இலக்கம் எழுதியிருந்தது.

மூன்று, ஒன்று, பூஜ்யம், ஏழு.

முதலில் எனக்கு எதுவும் தோன்றவில்லை. எங்கள் வீட்டுக் குக்கர் இங்கே எப்படி வந்தது என்கிறமாதிரி ஓர் அசட்டு எண்ணம்தான் வந்தது. அப்புறம் குழாயை வெளிச்சத்தில் திருப்பி மறுபடி படித்தேன். அந்த ஆஸ்பத்திரியிலிருந்துதான் எங்களுக்கு மாதிரி வரும் என்று எனக்குத் தெரியும். பரிசோதனைக்குப் போக மீந்ததை ஆராய்ச்சிக்குத் தர சம்மதமா என்று நோயாளிகளிடம் கேட்பார்கள் என்றும் தெரியும். அப்பாவிடமும் கேட்பார்கள், அவரும் கையெழுத்துப் போடுவார் என்று மட்டும் என் புத்திக்கு எட்டவில்லை. டாக்டர் முன்கூட்டியே சம்மதக் காகிதத்தைக் கொடுத்திருக்கிறார், அதில் எங்கள் நிலையத்தின் பெயரைப் பார்த்து அப்பா சந்தோஷப்பட்டிருக்கிறார், பாப்பாவுக்கு, அதாவது எனக்கு, சொல்லாதே என்று அண்ணனுக்கு உத்தரவும் போட்டிருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

செல்கள் காத்திருக்காது. எடுத்த சில மணி நேரத்துக்குள் ஒட்டவைக்காவிட்டால் உள்ளே எல்லாம் கலைந்துவிடும். யாரிடமும் கேட்காமல் மூன்றையும் எடுத்துக்கொண்டேன். நீளக் கை ரசாயனத்தைக் கரைத்து ஊற்றினேன், அதற்கு முக்கால் மணி நேரம். அதற்குள் அண்ணன் போன் செய்தான்.

"ஆயிடுச்சி. கொஞ்சம் மூச்சு கம்மியாப் பூடுச்சி, ஆக்சிஜன் வச்சிக்கீறாங்க. இப்ப தேவல. நீ பயப்படாத."

"நான் வரட்டா?"

"வந்து இன்னா செய்யப்போற? வேலயப் பாரு, ரயில்ல பாத்துக்கலாம்."

வேலையைப் பார்த்தேன். பார்மலின் ஊற்றி, கடிகாரத்தைத் தட்டிவிட்டு, குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மற்ற இரண்டிலும் நீர் லேசாகக் கலங்கி இருந்தது. அப்பாவுடையது சாம்பல் நிறம். எங்கள் ஊரில் தங்கம் பிரித்தபின் கொட்டிக் குவிந்த சைனைடு மேடுகளின் மேல் காற்றடித்தால் ஜன்னல் திட்டில் படியுமே, அந்த நிறம். அவர் வீட்டுக்கு வந்து சொன்ன கதையெல்லாம் வேறு. அவருக்குள்ளிருந்து கடைசிவரை வெளியே வராத சுரங்கம் இதுதான். பத்தாவது நிமிடம் கிளைசின் ஊற்றினேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அதற்காகப் பெருமைப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இயந்திரத்தில் சுழலவிட்டு எடுத்தபோது அடியில் செல்கள் கடுகளவு சேர்ந்திருந்தன, மற்ற இரண்டையும்விடக் கறுப்பாக.

பிறகுதான் மேடத்திடம் போனேன். ஒரு குழாயின் எண் பட்டியலில் இல்லை என்று மட்டும் சொன்னேன். அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். ஸ்டிக்கர் தீர்ந்துவிட்டது, நம்பர் என்னவென்று நோயாளியிடமே கேட்டேன், அவர்தான் சொன்னார், எழுதினேன் என்றாராம் அங்கிருந்த உதவியாளர். டிபிக்கு அனுப்பிய குழாயில் சரியான ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஆராய்ச்சிக்கு வந்த இந்த ஒன்றில்தான் தப்பு.

அடையாளம் பொருந்தாத மாதிரியை அழித்துவிட வேண்டும். அது விதி. அந்த விதியைச் சுவரில் ஒட்டியதே நான்தான். மூன்று பேரில் இரண்டு பேர் தெரிந்துவிட்டால் மூன்றாவது யாரென்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும், ஆனால் அப்படிக் கழித்துப் பார்த்து ஒரு மனிதனை அடையாளம் காணக்கூடாது. ஏனென்று எனக்கும் தெரியும். ஒருவரின் நோய் இன்னொருவர் தலையில் ஏறிவிடும். அதெல்லாம் தெரிந்தும் நான் கத்தினேன். மேடத்திடம் எனக்குக் கன்னடமும் ஆங்கிலமும் கலந்துதான் பேச்சு. அன்றைக்கு அது தமிழுக்கு மாறிவிட்டது, அவருக்குத் தமிழ் தெரியாது என்பதும் மறந்துவிட்டது. "எங்கப்பா நம்பர் அது! எங்க வீட்டு குக்கர்ல கீது! எனுக்குத் தெரியாதா?"

மேடம் என்னை உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். நான் மறுபடி கன்னடத்தில் சொன்னபோது அவர் முகம் விழுந்துவிட்டது. உன் அப்பா என்றால் இன்னும் மோசம், நீ அதைத் தொட்டிருக்கவே கூடாது, இனி என்னாலும் எதுவும் செய்ய முடியாது என்றார். அவர் மேல் கோபப்படக்கூட எனக்கு ஓர் இடம் இல்லாமல் போய்விட்டது. விதி சரி, மேடம் சரி, அந்த உதவியாளர் கேட்டதும் சரி, அப்பா சொன்னதும் அவர் வரையில் சரி. யாரைத் திட்டுவது?

இன்னொரு தடவை எடுக்கச் சொல்லலாமா என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரியும். குழாய் விட்டபோது மூச்சு இறங்கியவரிடம் யாரும் மறுபடி விடமாட்டார்கள்.

எரிக்க அனுப்பும் கழிவுகளுக்கான மஞ்சள் பையில் அதை நானே போட்டேன். வேறு யாரையும் போடவிட மனம் வரவில்லை. ரிஜிஸ்டரில் 'அடையாளம் பொருந்தவில்லை, அழிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஒளித்து வைத்திருக்கலாம். உறைபெட்டியின் பின்பக்கம் ஒரு மூலையில் வைத்தால் பத்து வருடத்துக்கு யாரும் பார்க்கமாட்டார்கள். இன்றைக்கும் சில நாள் ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு வருகிறேன். வைத்திருந்தாலும் என்ன செய்திருப்பேன்? அந்தக் கடுகு ஆய்வில் சேர்ந்திருந்தால் எங்கள் வரைபடத்தில் ஒரு புள்ளி கூடியிருக்கும். எந்தப் புரதம் எதன் தோளைப் பிடித்து அவர் நுரையீரலை இறுக்குகிறது என்பதை என்னால் பிடித்து நிறுத்திக் காட்ட முடியும். அந்தக் கையை விடுவிக்க எனக்குத் தெரியாது. எங்கள் ஆய்வகத்தில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒட்டவைப்பது மட்டும்தான்.

சாயங்கால ரயிலில் அண்ணன் அப்பாவுக்கு ஜன்னலோர இடம் பிடித்து வைத்திருந்தான். அவர் உதடு நீலம் பூத்து இருந்தது. தொண்டை கட்டிப்போயிருந்ததால் பேசவில்லை, என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். பங்காருபேட்டை தாண்டிய பிறகு என் கையைத் தட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, பிறகு என் பையைத் தொட்டுக் காட்டினார். என்னுடையது உன்னிடம் வந்ததா என்று கேட்கிறார். வந்தது என்று தலையாட்டினேன். அந்த ஒன்று மட்டும் பொய் இல்லை.

இரண்டு வாரத்தில் டிபி முடிவு வந்தது. டிபி இல்லை. அம்மா கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தாள். அண்ணன் கடையிலிருந்து மைசூர்பாகு வாங்கிவந்தான். பக்கத்து வீட்டில் கொடுக்கச் சொல்லி ஒரு தட்டில் வைத்து என்னிடம் நீட்டினாள் அம்மா. நான் அதைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே நின்றேன். டிபி என்றால் மருந்து உண்டு. ஆறு மாதமோ ஒரு வருடமோ விழுங்கினால் பாதியாவது திரும்பும். டிபி இல்லை என்றால் கல்தூசி மட்டும்தான், அதற்கு மருந்தே கிடையாது. அந்த வீட்டில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். படிக்கவைத்தார்களே என்று ஆத்திரமாக வந்தது. "இன்னாடி அப்படியே நிக்கற, போயி குடுத்துட்டு வா" என்றாள். போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அப்பாவின் கேள்வி மாறிவிட்டது. என்ன செய்தாய் என்று கேட்பதில்லை. "வந்துச்சா?" என்பார். அவருடைய தண்ணீரிலிருந்து என்ன தெரியவந்தது என்று கேட்கிறார். "இன்னும் இல்லபா, நாளாவும்" என்பேன். திங்கள் கேட்பார், செவ்வாய் கேட்பார். வீட்டில் இப்போது ஆக்சிஜன் இழுக்கும் பெட்டி ஒன்று எந்நேரமும் ஓடுகிறது, அதன் சத்தத்துக்கு மேல் அவர் குரல் எழும்பவேண்டும். கரண்ட் போனால் எங்கள் உயிர் போய் வரும். ஒரு நாள் அவர் கேட்காமல் இருந்துவிட்டால் தேவலாம் என்று நினைத்தேன், ஒரு நாள் கேட்கவில்லை, அன்றைக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஒருமுறை, "வேணும்னா இன்னொருவாட்டி குடுக்குறேன்மா" என்றார். "அவ்ளோ ஒண்ணும் கஷ்டம் இல்ல." நான் அவரைப் பார்க்காமல், "வேணாம்பா, இருக்கறதே போதும்" என்றேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் வாங்கியவர் மூன்றாவதைக் கையால் தடுத்தார்.

"ஒண்ணு கேக்கணும், கோச்சிக்க மாட்டியே?"

"நான் எப்ப பா கோச்சிக்கினேன்?"

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமானது. முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"ஆஸ்பத்திரில அந்தப் பையன் நம்பர் கேட்டான். சீட்டு உங்கண்ணங்கிட்ட இருந்துச்சி, அவன வெளியில நிறுத்திட்டாங்க. எனுக்கு மயக்கமா இருந்துச்சி. மூணு ஒண்ணு ஜீரோ ஏழுன்னு சொல்லிட்டேன்." மூச்சு. "அவங்க கேட்டது அது இல்லியோன்னு அப்பறமா தோணுச்சி. இத்தினி நாளா அதேதான் யோசன. தப்பா சொல்லிட்டனா?"

ஆறு மாதமாக அவர் கேட்ட ஒவ்வொரு 'வந்துச்சா'வுக்கும் பின்னால் இதுதான் இருந்திருக்கிறது. கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டேன்.

"தப்பு இல்லபா."

"குழா மேல எழுதியிருந்துச்சா? நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"நம்ப நம்பரே தான?"

"நம்ப நம்பரே தான்."

அப்பா கண்ணை மூடித் தலையணையில் சாய்ந்தார். முகத்தில் இத்தனை நாளாக இருந்த ஏதோ ஒரு சுருக்கம் விட்டுப்போனதைப் பார்த்தேன்.

"அப்படின்னா பரவால்ல. ஒருவாட்டி ஏர்பிளாஸ்ட்ல ஒருத்தன் கீழ மாட்டிக்கினான். ஆணி காலியா கீது. நம்பர் தெரியும். உடுவாங்களா? நாளு கணக்கா தோண்டுனோம். ஷிஃப்ட் மாத்தி ஷிஃப்ட் தோண்டுனோம். ஒரு நம்பர் கீதுன்னா, அத்த எடுக்காம யாரும் வூட்டுக்குப் போவ மாட்டோம்."

அந்த ஆள் உயிரோடு வந்தாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கண்ணைத் திறக்காமலே என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "நீ அவசரப்படாத. மொள்ளமா தேடு. நம்பர் கீது இல்ல?"

"கீதுபா" என்றேன்.